சீர்வரிசையில் வந்த கம்ப்யூட்டர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, நாம அசெம்பிள் பண்ற மெஷினை ஏத்தி விட்டா பறக்குது. கம்பெனி மெஷின் மட்டும் ஏண்ணே அசைஞ்சே குடுக்க மாட்டேங்குது?"

ஏற்றி விடுவது என்றால், சிப்பின் மேல் போட்டிருக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக அதை ஓட வைப்பது. புத்தகத்தில் ஓவர்கிளாக் என்று இருக்கும். ஒரு காலத்தில் மதுரையில் இது பெரிய மோகமாக இருந்தது. பிரவுசிங் சென்டர் வைத்த பையன்கள், விளையாட்டுப் பைத்தியம் பிடித்த காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் கடைக்கு வந்து, "கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே" என்பார்கள், தோசைக்கு எண்ணெய் கேட்கிற மாதிரி.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ரேடியோவில் தொடங்கி, டிவிக்குப் போய், கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கம்பெனிக்காரன் ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கணக்கில்லாமல் செய்து ஊர் ஊராக அனுப்புகிறான். ஒன்று ஊட்டியில் குளிர்ந்த அறையில் உட்காரும். இன்னொன்று சித்திரை வெயிலில் நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே உட்காரும். எது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் வாரண்டி முடியும்வரை எல்லாம் ஓடியாக வேண்டும். அதனால் கை வைக்கிற இடத்தையெல்லாம் முதலிலேயே அடைத்துவிடுகிறான். நம் போர்டில் வேகத்தை மாற்ற ஜம்பர் என்று ஒரு குட்டிச் செருகி இருக்கும், அவன் போர்டில் இருக்காது. மெஷின் கிளம்பும்போது தட்டித் திறக்கிற அமைப்புத் திரை, அதாவது பயாஸ், அதைத் திறந்தால் தேதி, நேரம், எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது, அவ்வளவுதான். பவர் சப்ளை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு மட்டும் அளந்து போட்டது. ஃபேனும் அந்தச் சூட்டுக்கு மட்டும் அளந்து வைத்தது. வீட்டில் நாலு பேருக்கு என்று அளந்து வடித்த சோறு மாதிரி. வாசலில் ஐந்தாவதாக ஒரு விருந்தாளி வந்து நின்றால் அடுப்படியில் முகம் மாறும்.

இதுதான் பதில். தப்பில்லாத பதில். ஆனால் இந்தப் பதிலை மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பியிருந்தால், செல்லூரில் ஒரு பெண் தன் வேலையை இழந்திருப்பாள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். செல்லூரில் ஆற்றுப் பக்கம் போகிற ஒரு சந்தில் ரவி என்று ஒரு தறிக்காரர். சௌராஷ்டிரக் குடும்பம். முன்னால் ஹால், பின்னால் பவர்லூம் தறிகள். ஹாலில் பேசுகிறவர்கள் தறி ஓடும்போது கொஞ்சம் குரலை உயர்த்திப் பேச வேண்டும், அப்படி ஒரு வீடு. ரவி, அவர் தம்பி மோகன், அவர்களுடைய அம்மா, ரவிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த சுகுணா. வீட்டில் இவ்வளவு பேர்தான்.

சுகுணாவுக்குப் பிறந்த ஊர் பரமக்குடி. சேலைக் கரைக்கு டிசைன் போடுவதைக் கம்ப்யூட்டரில் கற்றிருந்தாள். அவள் அப்பாவும் தறிக்காரர்தான். கல்யாணச் சீரில் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு கம்ப்யூட்டரையும் வைத்து அனுப்பினார். அசெம்பிள் செய்தது இல்லை, பெயர் பெற்ற கம்பெனியின் புதுப் பெட்டி. "அங்கங்க வாங்கி மாட்டுன மெஷினக் குடுத்தா, பொண்ணுக்கு அடுத்தவங்க பொழங்குன பாத்திரம் குடுத்த மாதிரி ஆயிரும்" என்று சொன்னாராம். சந்து முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அந்த வீட்டுக்குக் கரை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் வெளியாள் ஒருவர். கட்டம் போட்ட தாளில் கையால் வரைவார். சுகுணா வந்த பிறகு அந்த வேலை அவள் கைக்கு வந்தது. முதல் சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் மெஷின் மந்தமாகிவிட்டது. ஒரு பூவை வரைந்து அதைக் கரை நீளத்துக்கும் நிரப்பச் சொன்னால், போய்க் காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு. ஜவுளிக் கடைக்காரர் தீபாவளிச் சேலைக்குக் கரை கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். பழைய ஆள் மறுபடி தாளோடு வரத் தொடங்கினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போன அன்று மெஷின் குதிரை மாதிரி ஓடியது. காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்பு கம்பெனியின் சர்வீஸ் ஆளும் வந்து, "நல்லாத்தான் ஓடுது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் கிளம்பி வந்த பிறகு ரவி போன் போட்டார்.

"அண்ணே, நீங்க போன கொஞ்ச நேரத்துல மறுபடியும் படுத்துக்கிருச்சு."

பின்னாலிருந்து மோகனுடைய குரல் கேட்டது. "அண்ணிக்கிட்ட சொல்லு, டாக்டரக் கண்டாக் காய்ச்சல் எறங்கிருதுன்னு. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு நானும் இப்படித்தான் படுத்துக் கெடப்பேன்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் ஒரு வீட்டில் புதிதாக வந்த பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னால், சொன்னவனுக்கு அது விளையாட்டு, கேட்டவளுக்கு வேறு. அவள் சொல்வது உண்மையா, வேலை ஓடாததற்கு மெஷினைச் சாக்குச் சொல்கிறாளா என்று பேச்சு திரும்பத் தொடங்கியிருந்தது.

மெஷினை என் கடைக்கே தூக்கி வந்து வைத்துப் பார்த்தேன். ஓடியது. திருப்பிக் கொண்டுபோய் வைத்தால் படுத்தது. தறி ஓடும்போதுதான் மந்தமாகிறது, காலையில் தறி போடுவதற்கு முன்னால் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று சுகுணாதான் கவனித்துச் சொன்னாள். சரி, கரண்ட் கோளாறு என்று முடிவு கட்டி ஸ்டெபிலைசர் வைத்தோம். அளந்தும் பார்த்தேன். கரண்டில் ஒரு குற்றமும் இல்லை. வைரஸோ என்று எல்லாவற்றையும் அழித்து, சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டேன். அதற்கும் மசியவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாரண்டி இருந்தது. பின்னால் சீல் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் அவள் அப்பா கொடுத்த காசுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. என் அவசரத்துக்கு அதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அம்மன் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து குங்குமத்தைக்கூட இன்னும் மடித்து வைக்கவில்லை, ரவியிடமிருந்து போன்.

"அண்ணே, மோகன் ஒரு எடத்துல பேசிட்டான். இதக் குடுத்துட்டு அசெம்பிள் செட்டு எடுத்துக்கலாமாம். மத்தியானத்துக்கு மேல ஆட்டோ வருது. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து ஏத்தி விட்டுப் பாருங்களேன். ஓடுச்சுன்னா சரி. இல்லேன்னா குடுத்துர்றோம்."

"ஒங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அது ஒண்ணும் சொல்லலண்ணே" என்றார்.

ஒன்றும் சொல்லாத பெண்ணின் சம்மதம் எப்படிப்பட்டது என்று பெண்பிள்ளைகளைப் பெற்ற எனக்குத் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. மோகன் எனக்காகவே காத்திருந்தான். கையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை.

"வாங்கண்ணே. இதுல போட்டிருக்கான் பாருங்க, எப்படி ஏத்துறதுன்னு படத்தோட."

"போட்டிருக்கிறது நம்ம அசெம்பிள் போர்டுக்கு, மாப்ள. இதுல அந்த ஜம்பரே கெடையாது."

"பயாஸ்ல?"

திறந்து காட்டினேன். தேதி, நேரம். அவன் மேலும் கீழுமாக எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கான். காசு குடுத்து வாங்குனது நாம. வேகத்த மட்டும் அவன் பீரோவுல வச்சுக்கிட்டானா?"

"வேகத்தப் பூட்டல மாப்ள. இம்புட்டு வேகத்துக்குத்தான் இந்த பவர் சப்ளை, இந்த ஃபேன். அதுக்கு மேல போனா உள்ள இருக்கிறது தாங்காது. அத நெனச்சுத்தான் அடைச்சு வச்சிருக்கான்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. வெளிக்கூட்ட அப்படியே வச்சுக்கிட்டு உள்ள போர்டையும் சிப்பையும் மாத்தி விட்டுருங்க. வெளிய இருந்து பாத்தா சம்பந்தி வீட்டு மெஷின்தான். அண்ணிக்கும் மனசு நோகாது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணி மேல் அவனுக்கும் ஒரு கரிசனம் இருந்தது, அது அவனுக்கு அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் அதுவரை கதவோரம் நின்றிருந்த சுகுணா அன்று முதல் தடவையாகப் பேசினாள்.

"கூடு மட்டும் எங்கப்பா வாங்குனதா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. மாத்துறதா இருந்தா முழுசா மாத்திருங்க. பாதியா வேணாம்."

குரல் உயரவில்லை. ரவி சுவரைப் பார்த்தார். மோகன் பத்திரிகையைச் சுருட்டினான்.

எனக்கு அப்போது என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். மோகன் சொன்னதைச் செய்வது எனக்குச் சுலபம். அந்தக் கம்பெனிப் பெட்டிக்குள் நம் போர்டு நேராக உட்காராது, ஆனால் துளை போட்டு உட்கார வைக்கிற வித்தை எனக்குத் தெரியும். வேகமும் வரும், எனக்கு வேலையும் வரும், எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். ஆனால் ஒரு மெஷின் ஏன் மந்தமாகிறது என்று தெரியாமல் அதை மாற்றினால், அடுத்து வருகிற மெஷினும் இதே ஹாலில் இதே மாதிரிப் படுக்கும். அப்போது குற்றம் யார் மேல் விழும்? மெஷினை மாற்றியும் ஓடவில்லை என்றால் ஓட்டுகிற பெண்ணுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று முடிந்துவிடும். பழைய ஆளே போதும் என்பார்கள். அந்தப் பெண் அப்புறம் எந்த மெஷின் முன்னாலும் உட்கார முடியாது.

முருகா என்று சொல்லிக்கொண்டேன். "ஆட்டோ வர்ற வரைக்கும் எனக்கு விடுங்க" என்றேன்.

தறிகள் நின்றன. ஆண்கள் சாப்பிட உள்ளே போனார்கள். நான் மெஷினைப் போட்டு என்னென்னவோ பார்த்தேன். அது வழக்கம்போல என் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கடைசியில் தோற்றுப்போய் ஸ்க்ரூ டிரைவர், வயர் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு மூடினேன். மெஷினை அணைக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

அப்போது ரவியின் அம்மா மோர் டம்ளரோடு வந்தார். "வெயில்ல கெளம்பாதீங்க தம்பி. குடிச்சுட்டு, ஒக்காந்து போங்க." பெரியவர் சொல்லைத் தட்ட முடியாமல், மெஷினை விட்டு விலகி வாசல் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த மோரை அன்று அம்மன்தான் கொடுத்தனுப்பினாள் என்று இன்றுவரை நம்புகிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி.

அந்த அம்மா உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு துணியை எடுத்து வந்தார். நல்ல கனமான துணி, ஜரிகைக் கரை போட்டது. மேஜைக்குப் பக்கத்தில் முக்காலி மேல் நின்றிருந்த சிபியு பெட்டியின் மேல் அதை விரித்தார். முன்பக்கம் இழுத்துவிட்டார். பின்பக்கம் வயர்களுக்கு மேலே போட்டு, காற்றில் பறக்காமல் ஓரங்களைப் பெட்டிக்கு அடியில் செருகினார். தூளியில் கிடக்கிற குழந்தைக்குப் போர்த்துவது போல நிதானமாகச் செய்தார். செய்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பின்கட்டில் தறிகள் மறுபடி தொடங்கின. சுகுணா மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு தடவை என்று நினைத்திருப்பாள் போல. திரையில் ஒரு மாங்காய்க் கரை.

ரேடியோக் காலத்துக் காது எனக்கு. தறிச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் மெல்ல ஏறுவது கேட்டது. ஃபேன். அந்தக் கம்பெனி மெஷினில் சூடு ஏறினால் ஃபேன் தானே வேகம் கூட்டும். மோர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"பாப்பா, அந்தக் கரைய நெரப்பச் சொல்லுங்க."

சொன்னாள். அசையவில்லை. மவுஸின் அம்புக்குறி சேற்றில் கால் வைத்த மாதிரி இழுத்து இழுத்து நகர்ந்தது.

துணியின் பின் ஓரத்தைத் தூக்கினேன். சோற்றுப் பானை மூடியைத் திறந்தது போலக் கையில் சூடு அடித்தது. பெட்டியின் பின்துளைகளில் பஞ்சுப் பிசிறு ஒட்டிக் கிடந்தது. துணியை முழுக்க எடுத்துவிட்டு, துளைகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மெல்ல இறங்கியது. திரையில் மாங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரை முழுக்க வரிசை கட்டின. மறுபடி துணியைப் போட்டுப் பார்த்தேன். மறுபடி படுத்தது.

அந்தச் சமயம் புதிதாக வந்த சிப்புகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. சூடு எல்லை தாண்டினால் எரிந்துபோகாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேள்விப்பட்டிருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். இத்தனை நாளும் நாங்கள் வேகம் போதவில்லை, வேகம் போதவில்லை என்று ஏற்றி விடப் பார்த்தோம். அது மூச்சு முட்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மோகன் கேட்டபடி ஏற்றி விட முடிந்திருந்தால், அந்தத் துணிக்குள்ளேயே அது முடிந்திருக்கும்.

என் பின்னால் அந்த அம்மா வந்து நின்றிருந்தார்.

"என்னங்க தம்பி, துணியப் போட்டுப் போட்டு எடுக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இது எப்பப் போடுவீங்க?"

"கொஞ்ச மாசமா, தறி போட்ட ஒடனே போட்டுருவேன். பஞ்சு பறக்குதுல்ல. தறி நின்னா எடுத்து ஒதறி வச்சுருவேன்."

"அன்னைக்கு நான் வந்தப்ப இத நான் பாக்கவே இல்லையேம்மா."

"நல்லாச் சொன்னீங்க. மெஷினப் பாக்குறதுக்குன்னு வீடு தேடி வர்றீங்க, நாங்க மூடி வச்சா நல்லாவா இருக்கும்? கம்பெனிக்காரர் வந்தப்பவும் எடுத்துட்டேன். நீங்க இன்னிக்குப் பைய மூடிட்டீங்க, வேல முடிஞ்சுச்சுன்னு போட்டேன்."

தம்பிகளே, இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது. வைத்தியம் பார்க்க வந்தவருக்கு மரியாதை செய்கிறோம் என்று நோயையே ஒவ்வொரு தடவையும் பீரோவுக்குள் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

துணி என் கையில் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்ல துணியா இருக்கேம்மா, எங்க எடுத்தது?" என்றேன்.

"எங்க எடுக்குறது? இவ போட்ட மொதக் கரை இதுதான். சாம்பிளுக்கு நெய்ஞ்சோம். கடைக்காரர் வேணாம்னுட்டாரு. அந்தாளுக்கு என்ன தெரியும்? அவரு திருப்பி அனுப்புன ஒடனே நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

சுகுணா நாற்காலியில் திரும்பினாள். "நீங்க எடுத்து வச்சீங்களா அத்தை?"

"பின்ன?"

"வேணாம்னு தள்ளுன துணிதானே, அதான் தூசிக்குப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். எடுத்தா நீங்க ஏதும் சொல்லுவீங்களோன்னு தொடக்கூட இல்ல."

"தூசித் துணியா?" அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ஜரிகை போட்ட துணியில யாராச்சும் தூசி தட்டுவாங்களா? என் கல்யாணப் பட்டோட பீரோவுல வைக்கிறேன் அத. அவங்கப்பா குடுத்த மெஷினு, அவ போட்ட கரை, ரெண்டும் சேந்து இருக்கட்டுமேன்னு போட்டேன். தூசித் துணியாம்!"

சுகுணா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது? உங்கள் பாசம்தான் மெஷினை அமுக்கியது என்று ஒரு பெரியவரிடம் எப்படிச் சொல்வது? யோசித்து, "கோயில்ல சாமிக்குத் திரை போடுறோம்லம்மா" என்றேன். "அலங்காரம் நடக்கும்போது போடுறோம். தீபாராதனைக்குத் தெறந்துர்றோம். இதுவும் அப்படித்தான். அணைச்ச பெறகு நல்லாப் போத்தி விடுங்க. ஓடுறப்ப மட்டும் தெறந்து இருக்கணும். இதுக்கும் காத்து வேணும்."

அவர் புரிந்துகொள்வதில் நம்மைவிட வேகம். முகம் மாறிவிட்டது.

"அப்ப இதுதானா? இம்புட்டு நாளா இந்தப் பிள்ளைய ஆளாளுக்குப் பேசுனது என்னாலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சந்து முனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது. மோகன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான், பின்னால் ரவி.

"என்னண்ணே, வயரக் கழட்டிரலாமா?"

இந்த மாதிரி நிமிஷம் உங்கள் தொழிலிலும் வரும். உண்மையைச் சொன்னால் அந்த அம்மா தன் பிள்ளைகள் முன்னால் தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால் மெஷின் ஆட்டோவில் ஏறும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உண்மையை யார் தலையில் வேண்டுமானாலும் போடுகிற மனசும் இல்லை. அம்மா மீனாட்சி, நீயே ஒரு வார்த்தை கொடு என்று நின்றேன்.

வார்த்தை சுகுணாவிடமிருந்து வந்தது. என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கழட்ட வேணாம். அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. இந்த மூலையில வெக்கை கட்டி நிக்குது. பஞ்சு வேற அடைக்குது. ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டு, வாரம் ஒருக்கா தொடச்சாப் போதும். ஓடுது பாருங்க."

அவள் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் மடியில் மடித்து வைத்திருந்தாள். இத்தனை மாதம் பேச்சு வாங்கிய பெண் அவள். குற்றம் என்னுடையது இல்லை, இதோ பாருங்கள் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல சமயம் அவளுக்கு வாய்த்திருக்காது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். மோகன் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கரையை நிரப்பச் சொன்னான். நிரம்பியது. அழித்துவிட்டு மறுபடி சொன்னான். மறுபடி நிரம்பியது.

"அட! ஏத்தாமலேயா?"

அப்போதுதான் அந்த அம்மா பேசினார். என் முன்னால் இதுவரை மரியாதைக்குத் தமிழில் பேசியவர், இப்போது பிள்ளைகளைப் பார்த்துத் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் துணியைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், சுகுணாவைக் காட்டி இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். ரவி மனைவியைப் பார்த்த பார்வையில் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தது. மருமகள் மூடியதை மாமியாரே திறந்துவிட்டார்.

மோகன் தலையைச் சொறிந்தான். "அண்ணி, நான் சும்மா வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்ப வெளியே ஓடினான்.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து சீலைத் திறந்து உள்ளே சேர்ந்திருந்த பஞ்சையும் எடுத்துவிட்டுப் போனார். தீபாவளிச் சேலைக்குக் கரை அந்த மெஷினிலிருந்துதான் போனது.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். வேகம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், இருக்கிற வேகம் எங்கே போனது என்று பாருங்கள். கம்பெனி மெஷின் முரண்டு பிடிக்கிறது என்று திட்டாதீர்கள். அதைச் செய்தவன், உங்களையும் என்னையும் பார்க்காமலேயே, நாம் அவசரத்தில் என்ன செய்வோம் என்று யோசித்துத்தான் வழியை அடைத்திருக்கிறான். அன்று அந்த அடைப்பு எங்களைக் காப்பாற்றியது. இன்னொன்று, வேலை முடிந்ததும் ஓடாதீர்கள். பையை மூடிவிட்டு, ஒரு மோர் குடிக்கிற நேரமாவது அந்த வீட்டில் சும்மா உட்காருங்கள். நாம் மெக்கானிக் என்பதை அவர்கள் மறக்கிற நேரத்தில்தான் மெஷின் உண்மையாக எப்படி வாழ்கிறது என்று தெரியும்.

அன்றைக்கு நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சுகுணாவிடம், "ஒங்கப்பா நம்பரப் போட்டுக் குடு, சம்பந்திகிட்ட நானே பேசுறேன்" என்று தமிழிலேயே சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்பது போல. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே, பரமக்குடிக்கே நேராகக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசத் தொடங்கினார். சந்து பாதி கடந்த பிறகும் அந்தக் குரல் என் பின்னாலேயே வந்தது. தங்கள் வீட்டு மொழியில் அவர் பேசியதில் எனக்கு விளங்கியவை "கம்ப்யூட்டர்", "சுகுணா", "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்கிற சொற்கள் மட்டும்தான். மூன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.